பத்தாயிரத்துக்கு மேல்

பதினாறு மஞ்சள் சூதாட்டச் சில்லுகளையும் நான்கு கறுப்புச் சில்லுகளையும் ஒரு கை கவுன்ட்டர் மேல் வைத்தது. அர்வில்லா பெக் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். ஓரங்களில் கறுப்பு மசகு ஏறிப்போன நகங்கள், கட்டைவிரலில் பழைய வெட்டுக்காயம். அப்புறம்தான் நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள்.

"பிரதர் சோரன்சன்?"

தேய்ன் சோரன்சனுக்கு முகம் வெளிறிவிட்டது. "நீ... நீ ராத்திரி ஷிப்ட்னுல்ல கேள்விப்பட்டேன்."

"போன வாரம்தான் பகலுக்கு மாத்தினாங்க. அதான் இத்தனை நாளா என் கண்ணுல படாம வந்துட்டுப் போயிருக்கீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

வெண்டோவரில் இது ஒன்றும் புதிதில்லை. ஊரின் நடுவே மாநில எல்லைக்கோடு ஓடுகிறது. கோட்டுக்குக் கிழக்கே யூட்டா: அங்கே சீட்டும் கிடையாது, பகடையும் கிடையாது. மேற்கே நெவாடா: அங்கே இறங்கினால் முதல் கட்டடமே கேசினோ. சூதாட்டத்தைப் பாவமென்று சொல்லும் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காருகிறவர்கள் வியாழக்கிழமை எண்பது மைல் உப்புவெளியைக் கடந்து வந்து, வண்டியைக் கட்டடத்தின் பின்பக்கம் நிறுத்திவிட்டு உள்ளே நுழைவார்கள். காப்பர் லேன்டர்ன் கேசினோவின் பணக்கவுன்ட்டரில் பதினொரு வருடம் உட்கார்ந்த அர்வில்லா அப்படிப்பட்ட முகங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். கம்பி போட்ட அந்த அறையை எல்லோரும் கூண்டு என்றுதான் சொல்வார்கள். கூண்டுக்குள் இருப்பவளுக்கு வெளியே நிற்பவனைத் தெரியாது, அதுதான் அங்கே மரியாதை.

ஆனால் தேய்ன் சோரன்சனைத் தெரியாது என்று அவளால் எப்படி இருக்க முடியும்? ஒன்பது வருடம் முன்னால் அவள் கணவன் டெல் ஓட்டிவந்த பிக்கப் வண்டி நெடுஞ்சாலையில் உருண்டு உப்புச் சேற்றில் புதைந்தபோது, வண்டி இழுக்கும் லாரியோடு வந்தவர் இவர்தான். உயிர் போய்விட்டது என்று தெரிந்த பிறகு சாவைப் பதிவு செய்யும் அதிகாரி வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று. அந்த நாலு மணி நேரமும் லாரியின் முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஹீட்டரை மட்டும் அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் அப்புறம் சர்ச்சுக்குப் போவதையே விட்டுவிட்டாள். அவர் மட்டும் எங்கே பார்த்தாலும், சர்ச்சில் ஒருவரையொருவர் கூப்பிடும் முறைப்படி, அவளைச் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்.

"பகடை மேசையிலயா?" என்று கேட்டுக்கொண்டே சில்லுகளை ஐந்தைந்தாகப் பிரித்துக் கேமராவுக்குத் தெரியும்படி பரப்பினாள்.

"ம். முந்நூறு டாலர்ல ஆரம்பிச்சேன். ஏழு மணிக்கு. எப்படி வந்துச்சுன்னே தெரியல, ஏம்மா. பக்கத்துல நின்னவங்கல்லாம் என் தோளத் தட்டுறாங்க."

"பதினாறாயிரத்து நானூறு. ரொக்கமாவா?"

"ரொக்கமா."

"அப்ப உங்க டிரைவிங் லைசென்ஸ் குடுங்க, பிரதர். சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் வேணும். ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல ரொக்கம் போச்சுன்னா நாங்க ஒரு ரிப்போர்ட் அனுப்பணும். அஞ்சு நிமிஷ வேலை."

அடுத்து நடந்தது ஒரு மூச்சு நேரத்தில் நடந்து முடிந்தது. தேய்னின் இரண்டு கையும் கம்பிக்குக் கீழே நுழைந்து, பரப்பிய சில்லுகளை அள்ளித் தன் பக்கம் இழுத்துக்கொண்டன. ஒரு மஞ்சள் சில்லு மட்டும் உருண்டு அவள் பக்கமே விழுந்தது. அதை அவள் தொடவில்லை.

"அப்ப ஒன்பதாயிரம் மட்டும் குடு. மிச்சத்த நாளைக்கு வாங்கிக்கறேன்."

அர்வில்லாவின் கண் கூரைக் கேமராவுக்குப் போய்த் திரும்பியது.

எண்ணி நாலே நாலு விஷயங்களைத்தான் கூண்டில் சேரும் ஒவ்வொருவர் தலையிலும் அடித்து ஏற்றுவார்கள். பத்தாயிரத்துக்கு மேல் போனால் ரிப்போர்ட். அதைத் தவிர்க்க என்ன வழி என்று வாடிக்கையாளருக்குச் சொல்லக் கூடாது. ரிப்போர்ட்டுக்குப் பயந்து ஒருவர் தொகையைக் குறைத்தால், பிரித்தால், ஆள் மாற்றி வாங்கினால் அதுவே குற்றம்; உழைத்துச் சம்பாதித்த பணமானாலும் சரி, பகடையில் வந்த பணமானாலும் சரி. நாலாவதுதான் கழுத்தில் கத்தி: அப்படி ஒருவர் செய்தால் கேசினோ இன்னொரு ரிப்போர்ட் எழுதும், அதைப் பற்றி அந்த ஆளிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் விட்டவளுக்கு வேலை போகும், வழக்கும் வரும்.

ஒளிக்க ஒன்றுமே இல்லாத மனுஷன், ஒளிக்கப் பார்த்ததாலேயே குற்றவாளி ஆகிக்கொண்டிருந்தார். அவள் கண்ணெதிரே. அவளாலேயே.

"பிரதர், கேளுங்க," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இது வரி பிடிக்கிற தாள் இல்ல. இங்க ஒரு பைசா பிடிக்க மாட்டோம். ஜெயிச்சத ஏப்ரல்ல உங்க வரிக் கணக்குல நீங்களே காட்டணும், அது வேற. இந்த ரிப்போர்ட் அரசாங்க ஆபீஸுக்குப் போகும், அங்கயே கிடக்கும். வீட்டுக்கு லெட்டர் கிட்டர் எதுவும் வராது."

"என் மச்சான் கிம்பல் வேற மாதிரி சொன்னானே. அவன் சொல்றான், அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா மூணுல ஒரு பங்க அங்கயே வெட்டிருவாங்க, அப்புறம் வீட்டுக்குத் தாள் மேல தாளா வரும்னு."

"கிம்பலுக்கு என்ன தெரியும்? அவரு கோழிப்பண்ணைதான வச்சிருக்காரு?"

அப்போதுதான் அவர் குனிந்து கம்பிக்கு வெகு அருகில் வந்தார். காலைச் சாப்பாட்டின் வெங்காய வாசனையும் பயத்தின் வாசனையும் சேர்ந்து அடித்தது.

"இன்னும் மூணு வாரத்துல என் பொண்ணு ப்ரின்லிக்குக் கல்யாணம். ஆலயத்துல. தெரியுமில்ல, பிஷப் குடுக்கிற அனுமதிச் சீட்டு இல்லாம உள்ள விட மாட்டாங்க. பெத்த அப்பனா இருந்தாலும். என் சீட்டு இந்த மாசம் முடியுது. புதுசு வாங்க ஞாயித்துக்கிழமை பிஷப்போட நேர்காணல். இங்க வந்தேன்னு ஒரு தாள்ல என் பேரு இருந்து, அது என் பொண்டாட்டி ரொஸெல்லா கைக்குப் போயி... தபாலெல்லாம் அவதான் பிரிப்பா, அர்வில்லா." சிஸ்டர் என்று சொல்லாமல் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "எத்தனைக்குக் கீழ எடுத்தா என் பேரு வராது? அத மட்டும் சொல்லு."

சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு எண்தானே. ஆனால் இழுத்த கையைக் கேமரா பார்த்தாகிவிட்டது. இனி எந்த எண்ணைச் சொன்னாலும் அது அவர் கழுத்துக்குச் சுருக்குத்தான். அதைச் சொல்லி அவரை எச்சரிக்கவும் வழியில்லை. அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த ஒரு துண்டுத்தாள் மேசை ஓரத்தில் அடுக்கியிருந்தது. பிரித்து வாங்குவது சட்டப்படி குற்றம் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை யாருக்கும் கொடுக்கலாம், தடையில்லை. ஒன்றை எடுத்துக் கம்பிக்கு அடியில் தள்ளினாள்.

"இத இங்கயே நின்னு படிங்க. படிச்சுட்டு மொத்தத்தையும் என்கிட்ட குடுங்க. மொத்தத்தையும். இதுக்கு மேல ஒரு வார்த்தை நான் பேச முடியாது. தயவுசெஞ்சு, பிரதர்."

கண்ணாடி லாரியிலேயே இருந்திருக்க வேண்டும். அவர் தாளைப் படிக்காமலே மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். உருண்டு கிடந்த ஒற்றைச் சில்லையும் எடுத்துக்கொண்டார்.

"யோசிச்சுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் பத்தடி போவதற்குள் அவள் பக்கத்து போன் அடித்தது. ஷிப்ட் மேனேஜர் ருலன் கப்ளர். மாடியில் கேமரா அறைக்குப் பக்கத்து அறை அவனுடையது.

"மூணாம் ஜன்னல்ல என்ன? அந்த ஆளு சில்ல எல்லாம் வாரிக்கிட்டுப் போறான்?"

கேமராவுக்குக் கண் உண்டு, காது இல்லை. அவர் என்ன கேட்டார் என்பது இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"யோசிச்சுட்டு வரேன்னாரு," என்றாள் அர்வில்லா.

அது பொய்யில்லை. ஆனால் உண்மையுமில்லை என்பது அவள் கன்னத்துச் சூட்டுக்குத் தெரிந்திருந்தது.

"லைசென்ஸ் கேட்டியா?"

"கேட்டேன்."

"கேட்டதுக்கு அப்புறமா வாரினான்?"

"ருலன், ஜன்னல்ல ஆள் நிக்குறாங்க. அப்புறம் பேசறேன்."

போனை வைத்தாள். ஜன்னலில் யாரும் இல்லை.

கால்மணி நேரம் போனது. தேய்ன் காபிக் கடைப் பக்கம் ஓர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது கம்பி வழியே தெரிந்தது. அவருக்கு எதிரே ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருவன் நின்று பேசிக்கொண்டிருந்தான். மெலிந்த ஆள், சிரித்த முகம். காலையிலிருந்து பகடை மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தன். ஜெயிக்கிறவர் தோளைத் தட்டுகிற கூட்டம் எப்போதும் உண்டு. அதற்குள் ஒரு டூர் பஸ் கூட்டம் வந்து வரிசை கட்டியது. இருபது டாலரும் நாற்பது டாலருமாக மாற்றிக் கொடுப்பதில் அர்வில்லாவின் தலை குனிந்துவிட்டது.

நிமிர்ந்தபோது ஆரஞ்சுத் தொப்பி இரண்டாம் ஜன்னலில் நின்றது.

இரண்டாம் ஜன்னல் ஒஃபேலியா பராசாவினுடையது. அவள் முன்னால் ஏழு சில்லுகள் வரிசையாக இருந்தன. ஏழும் மஞ்சள்.

அன்று காலை அந்தக் கேசினோவில் மஞ்சள் சில்லு கையில் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். அது அர்வில்லாவுக்குத் தெரியும். ஒஃபேலியாவுக்குத் தெரியாது. ஒஃபேலியா முறைப்படி பகடை மேசைக்குப் போன் போட்டாள். "ஆரஞ்சுத் தொப்பி, ஏழாயிரம். உங்ககிட்ட ஆடின ஆளா?" அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "காலையிலேர்ந்து இங்கதான் நின்னான்," என்று யாரோ கத்தியது அர்வில்லா காதிலும் விழுந்தது.

இப்போது சொல்ல வேண்டும். 'நிறுத்து, அது அவன் சில்லு இல்லை' என்று. சொன்னால் அடுத்த கேள்வி 'பின்ன யாருது?' அதற்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். அர்வில்லாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஹீட்டரைத் திருப்பி வைத்த கை மனதில் வந்து நின்றது. ஐந்து விநாடி இருக்குமா? பத்து விநாடி? ஒஃபேலியா எழுபது நூறு டாலர் தாள்களை விசிறிபோல் விரித்து, சேர்த்து, இன்னொரு முறை விரித்துக் காட்டி நீட்டிவிட்டாள்.

சரி, போகட்டும், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுவான்.

ஆரஞ்சுத் தொப்பி காபிக் கடைப் பக்கம் திரும்பவில்லை. பணத்தை ஜீன்ஸின் முன்பையில் திணித்துக்கொண்டு நேர் எதிர்ப்பக்கம், கார் நிறுத்தத்துக்குப் போகும் வடக்கு வாசலை நோக்கி நடந்தான். ஓடவில்லை. ஓடினால் காவலாளி பார்ப்பான் என்று தெரிந்தவன்.

தேய்ன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அவரும் பார்த்துவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் என்பார்களே, அப்படி நின்றார். கத்தினால் எல்லோரும் திரும்புவார்கள். யார் பணம், எவ்வளவு, ஏன் அவன் கையில் கொடுத்தாய் என்று கேட்பார்கள். மெல்ல மறுபடி ஸ்டூலில் உட்காரப் பார்த்தார். ஏழாயிரத்தையும் விட்டுவிடத் துணிந்துவிட்டார் என்பது அந்த முதுகு வளைந்ததிலேயே தெரிந்தது.

அர்வில்லா போனை எடுத்தாள். அவள் கை அவளைக் கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை.

"ருலன், வடக்கு வாசல். ஆரஞ்சுத் தொப்பி. நிறுத்தச் சொல்லு. அந்தச் சில்லு அவன் ஜெயிச்சது இல்ல."

"யாருது?"

"நிறுத்து முதல்ல!"

கூண்டை விட்டு வெளியே வருவது சும்மா இல்லை. பணப்பெட்டியைப் பூட்ட வேண்டும், இரண்டு உள்ளங்கையையும் கேமராவுக்கு விரித்துக் காட்ட வேண்டும். அப்புறம் இரண்டு கதவு. முதல் கதவு முழுக்க மூடிப் பூட்டிக்கொண்டால்தான் இரண்டாவது திறக்கும். அந்த இரண்டு கதவுக்கும் நடுவே, நின்றால் தோள் இடிக்கும் அந்த இடத்தில், அர்வில்லா தன் மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றாள். "திறந்து தொலையேன்," என்று கதவைத் திட்டினாள்.

வடக்கு வாசலில் காவலாளி ஆரஞ்சுத் தொப்பியின் குறுக்கே நின்றிருந்தான். ருலன் படியிறங்கி ஓடிவந்து இரைத்துக்கொண்டிருந்தான். தேய்னை இன்னொரு காவலாளி அழைத்து வந்திருந்தான். மாடியில் கேமராப் பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்ததில், கழிவறை வாசலில் சில்லு கைமாறியது தெரிந்துவிட்டது.

"என்னங்கய்யா இது? ஜெயிச்சவன வாசல்ல மறிக்கறதுதான் உங்க கேசினோ பழக்கமா?" ஆரஞ்சுத் தொப்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். "என் சில்லு. என் பணம். இந்தப் பெரியவர நான் பார்த்ததே இல்ல. அவரையே கேளுங்களேன்."

ருலன் தேய்ன் பக்கம் திரும்பினான். "சார், இந்த ஆளுகிட்ட நீங்க சில்லு குடுத்தீங்களா?"

தேய்ன் அர்வில்லாவைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

"கேட்டீங்கல்ல?" ஆரஞ்சுத் தொப்பி பெரியவரின் தோளை லேசாகத் தட்டினான், காலையில் மேசையருகே தட்டினாற்போலவே. "நல்ல மனுஷன். சர்ச்சுக்குப் போற மூஞ்சி, பொய் சொல்லுமா? வழிய விடுங்க."

ருலனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கைமாறியதைக் கேமராவில் பார்த்தவன் அவன். கொடுத்தவரே இல்லை என்று சாதித்தால் அவன் என்ன செய்ய முடியும்? சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காவலாளியின் பலகைமேல் வைத்தான்.

"சரி சார். அப்ப இதுல எழுதிக் குடுங்க. இந்த ஏழாயிரத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்ல, இவருகிட்ட நீங்க எதுவும் குடுக்கலன்னு. கீழ கையெழுத்து. இவர விட்டுடறேன், நீங்களும் போகலாம்."

தேய்ன் பேனாவை வாங்கினார். தூரத்தில் இயந்திரங்களின் மணியோசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பேனா முனை தாளில் தொட்டது. தே என்று ஒரு எழுத்து விழுந்தது. அப்புறம் நின்றது.

அர்வில்லாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதைச் சொன்னாலும் தப்பு.

"எழுதுங்க பெரியவரே," என்றான் ஆரஞ்சுத் தொப்பி. சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "பேரு எழுத மறந்து போச்சா?"

தேய்ன் பேனாவைப் பலகைமேல் வைத்தார். கண்ணில் நீர் முட்டியது. குரல் மட்டும் உடையவில்லை.

"வாயால சொல்லிட்டேன். கையால எழுத வரமாட்டேங்குது," என்றார். "என்னுதுதான். ஏழு மஞ்சள். நான்தான் குடுத்தேன். முந்நூறு டாலர் தரேன், மாத்தி வாங்கிட்டு வான்னு சொன்னேன். மிச்சம் இங்க இருக்கு." கோட்டுப் பையிலிருந்து ஒன்பது மஞ்சளும் நாலு கறுப்பும் வெளியே வந்தன. கூடவே மடித்த அந்தத் துண்டுத்தாளும் வந்து கீழே விழுந்தது. "என் பேரு தேய்ன் சோரன்சன். ஊரு கிராண்ட்ஸ்வில். லைசென்ஸ் இதோ."

ஆரஞ்சுத் தொப்பி அதற்குப் பிறகு அரைமணி நேரம் சத்தம் போட்டுப் பார்த்தான். படத்தைக் காட்டியதும் அடங்கினான். பணத்தை எண்ணி வைத்தான். இனி இந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, விவரத்தை மாநில அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள்.

மாடி அறையில் அர்வில்லாவே அந்த ரிப்போர்ட்டை நிரப்பினாள். பெயர், விலாசம், பிறந்த தேதி. தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது, "வண்டி இழுக்கிறது," என்றார் தேய்ன். "மத்தவங்க வண்டிய. என் வண்டிய இழுக்கத்தான் இன்னிக்கு ஆள் தேட வேண்டியதாப் போச்சு." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பதினாறாயிரத்து நானூறையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தாள். ஒரு டாலர் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டார்.

"இவ்ளோதானா? இந்த ஒரு தாள்தானா?"

அர்வில்லா பேனா மூடியைத் திருகினாள். ஒரு திருகு, இரண்டு திருகு.

"ரோட்டுல காத்து பலமா அடிக்குதாம். மெதுவா ஓட்டுங்க, பிரதர்," என்றாள்.

அவர் போன பிறகு ருலன் கதவைச் சாத்தினான். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கோபக்காரன் இல்லை அவன். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவரு உனக்கு வேண்டியவரு. இல்லையா?"

"ஆமா."

"கேமராவுல சத்தம் கிடையாது. நீ என்ன சொல்றியோ அதத்தான் நான் எழுதணும். லைசென்ஸ் கேட்டதும் என்ன சொன்னாரு?"

'மறுபடி ஆடப் போகிறேன்னாரு' என்று ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். யாராலும் மறுக்க முடியாது. ஆனால் எழுத வரமாட்டேங்குது என்று பேனாவைக் கீழே வைத்த மனுஷனின் முகம் இன்னும் அந்த அறையிலேயே இருந்தது. அந்த முகத்துக்காக ஒரு பொய் எழுதுவதா? அதுவும் அவர் எழுத மறுத்த அதே நாளில்?

"ஒன்பதாயிரம் குடு, மிச்சம் நாளைக்குன்னாரு," என்றாள். "எத்தனைக்குக் கீழ எடுத்தா பேரு வராதுன்னு கேட்டாரு. நான் சொல்லல. ரெண்டாம் ஜன்னல்ல அந்த ஆளு நின்னப்போ எனக்குத் தெரியும். பத்து விநாடி வாயத் திறக்கல. அதையும் எழுது. அப்புறம் கடைசியில அவரே உண்மையச் சொன்னாரு. அதையும் எழுது, ருலன். அத விட்டுடாத."

ருலன் எல்லாவற்றையும் எழுதினான். இரண்டாவது ரிப்போர்ட். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் ஆயுசுக்கும் அறியக் கூடாத ரிப்போர்ட். அந்தப் பத்து விநாடிக்காக அர்வில்லாவின் பெயரில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, இரண்டு வாரம் மறுபடி ராத்திரி ஷிப்ட். அவள் வாதாடவில்லை.

பத்து நாள் கழித்து அவளுக்குத் தபாலில் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஓரத்தில் ரொஸெல்லாவின் கையெழுத்து: 'கட்டாயம் வரணும். உனக்கும் அவருக்கும் வெளியே துணைக்கு ஆள் வேணுமில்ல.'

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கல்யாணத்தன்று ஆலயத் தோட்டத்துக்குப் போனபோதுதான் புரிந்தது. சாம்பல் நிறக் கோட்டும் புது டையும் போட்டுக்கொண்டு, பூப்பாத்தி ஓரத்துக் கல் திண்டில் தேய்ன் தனியாக உட்கார்ந்திருந்தார். கல்யாணம் உள்ளே நடந்துகொண்டிருந்தது.

"நேர்காணலுக்குப் போனேன்," என்றார், அவள் உட்கார இடம்விட்டு நகர்ந்துகொண்டே. "முதல் நாள் ராத்திரியே ரொஸெல்லாகிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் ஒரு பாத்திரம் உடைஞ்சுது. அப்புறம் பேசினா."

"பிஷப்?"

"ஞாயித்துக்கிழமைதான் பிஷப், மத்த நாள் டயர் கடைக்காரருதான? என் லாரிக்கு டயர் போடுறவரு. கேள்வி கேக்க ஆரம்பிச்சாரு. நேர்மையா நடந்துக்கறீங்களான்னு வர்ற கேள்விக்கு ஆமான்னு சொல்ல வாய் வரல எனக்கு. எல்லாத்தையும் கொட்டிட்டேன், நாலு வருஷமா வர்றது போறதெல்லாம். அவரு கண்ணு கலங்கிட்டாரு. ஆனா சீட்டு குடுக்கல. ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாரு." டையைச் சரிசெய்துகொண்டார். "ப்ரின்லிகிட்டச் சொன்னதுதான் கஷ்டம். அவ ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அனுமதியில்லாத சொந்தக்காரர்களும் சின்னக் குழந்தைகளும் புல்தரையில் சிதறியிருந்தார்கள்.

"ஏப்ரல்ல வரிக் கணக்குல அந்தப் பணத்தக் காட்டணும். ரொஸெல்லாதான் கம்ப்யூட்டர்ல தட்டப் போறா. இப்பவே சொல்லிட்டா, 'சூதாட்ட வருமானம்னு என் கையாலயே அடிக்கணுமா?'ன்னு." சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது சரிதான். ஒரு லெட்டர்கூட வரல. எதுக்கு அப்படிப் பயந்தேன்னு இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. உன்னையும் இழுத்து விட்டுட்டேன். ஏம்மா, என்னால உனக்கு ஏதாவது கஷ்டம் வந்துச்சா?"

வந்தது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அந்த இரண்டாவது தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரைத் தாங்கி எங்கோ ஓர் ஆபீஸில் அது கிடக்கிறது. நாளைக்கே யாராவது எடுத்துப் படிக்கலாம். யாருமே படிக்காமலும் போகலாம். அவர் கடைசியில் உண்மை சொன்னார் என்று அதில் எழுதியிருக்கிறது; ருலன் எழுதியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். அது போதுமா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

"ராத்திரி ஷிப்ட் போட்டாங்க ரெண்டு வாரம். கூட்டம் கம்மி, நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

அவர் ஏதோ கேட்க வந்து, கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆலயத்தின் பெரிய கதவு திறந்தது. வெள்ளை கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ப்ரின்லி வெளியே வந்தாள், பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் ரொஸெல்லா. கூட்டம் கைதட்டியது. போட்டோக்காரர் எல்லோரையும் படிக்கட்டில் நிற்கச் சொல்லிக் கத்தினார். தேய்ன் எழுந்தார். ஆனால் கால் நகரவில்லை. கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் இப்படியே நிற்கலாம் என்று நிற்கிறவர்போல் நின்றார்.

ப்ரின்லி படிக்கட்டில் நின்று தலைகளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள். "அப்பா எங்க?" என்று அம்மாவிடம் கேட்பது கேட்டது. அப்புறம் கண்டுபிடித்துவிட்டாள். முகத்தில் சிரிப்பில்லை. கையை மட்டும் நீட்டி, விரலை மடக்கி மடக்கி வா என்றாள்.

"போங்க பிரதர்," என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள் அர்வில்லா. "போட்டோக்காரன் மணிக்கணக்குல காசு வாங்கறவன். போங்க."

அவர் போனார்.